ஜெபமாலைப் பையில் இருந்த பம்ப்

என் மச்சான் ஜெபத்தில் பொய் சொன்னான். ஒரு நாள் இல்லை, நான்கு வருஷம். வாரம் தவறாமல், பதினைந்து பேர் முன்னால், கையைக் குவித்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அவர்கள் மாதாகோவில் பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து அன்பியம் என்று ஒரு குழு. வாரம் ஒரு வீட்டில் கூடுவார்கள். பைபிள் வாசிப்பார்கள், ஆளுக்கொரு மன்றாட்டு சொல்வார்கள், டீ குடிப்பார்கள், கலைவார்கள். அந்தக் குழுவுக்கு அவன்தான் பொறுப்பாளர். அவன் சொன்ன மன்றாட்டு இது: "பாலைவனத்தில் ஆஸ்பத்திரி வசதிகூட இல்லாமல் நோயில் வாடும் என் அக்காவுக்காக."

அந்த அக்கா என் மனைவி. அந்தப் பாலைவனம் ராஜஸ்தான். பிகானேர் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பழுது பார்க்கிற வேலை எனக்கு. எட்டு வருஷமாக அங்கே இருக்கிறோம். அவள் வாடவும் இல்லை, வதங்கவும் இல்லை. எட்டு வருஷத்தில் என் மச்சான் ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை. கூப்பிட்டபோதெல்லாம் "கடைய யாரு மாமா பாத்துக்குவா?" என்பான்.

எனக்குச் சொந்த ஊர் கடலூர் ஓ.டி., அதாவது பழைய டவுன். கல்யாணமாகி முதல் பதினெட்டு வருஷம் அங்கேதான் குடும்பம் நடத்தினோம். என் மனைவிக்கு இளைப்பு உண்டு. ஐப்பசி பிறந்தால் போதும், சுவரில் கறுப்பு பூக்கும், ஜாடியில் உப்பு தண்ணீராகும், அவளுக்கு நெஞ்சு விசில் அடிக்கும். காற்று சில நாள் கம்பெனிகள் பக்கமிருந்து ஒரு மாதிரி நாற்றத்தோடு வரும். எது காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை, நானும் யார்மேலும் பழி போடவில்லை. அவளால் மூச்சு விட முடியவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி தண்ணீர் வரைக்கும் நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவாள். வேடிக்கை பார்க்க உட்கார்ந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள்.

டாக்டர் ஒரு பம்ப் கொடுத்திருந்தார், வாயில் வைத்து அடிக்கிற பம்ப். எங்கள் ஆட்கள் செய்கிற முட்டாள்தனம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. "பம்ப்பு அடிச்சா பழகிடும்டீ, அப்புறம் உட முடியாது" என்று தெருவே சொன்னது. "பொட்டப் புள்ள பம்ப்பு அடிக்கறத நாலு பேரு பாத்தா இன்னா நெனப்பாங்க?" என்று அவள் வீடு சொன்னது. அவளும் அதை ஜெபமாலைப் பையில் ஒளித்து வைத்தாள். சின்னத் துணிப்பை, வாய் சுருக்குக் கயிறு. மேலே ஜெபமாலை, அடியில் பம்ப். சாகிற மாதிரி இருந்தால்தான் எடுப்பாள். அதையும் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பாள். கட்டின புருஷன் நானும் அதைச் சரி என்றுதான் நினைத்தேன். இதை மறைத்துவிட்டு மச்சானைத் திட்டுவது நியாயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

வேலை ராஜஸ்தானுக்கு மாறியபோது மச்சான் சண்டைக்கு வந்தான்.

"இன்னா மாமா, நல்லா இருக்கறவங்களே அங்க போனா செத்துடுவாங்க. எங்க அக்காவ ஒட்டகத்தோட கட்டிப் போடப் போறியா?"

"உங்கக்காவ எங்கியும் கட்டிப் போட முடியாதுடா. கட்டுனவன் நானு, எனக்குத் தெரியாதா?"

அவள் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. "பாத்தியா, பாத்தியா" என்றான் அவன்.

போனோம். ஒரு வீட்டின் பின்கட்டில் இரண்டு அறை. முன்கட்டில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் அவர் அம்மாவும். முட்டைகூடத் தொடாத குடும்பம். அது தெரியாமல் என் மனைவி கடலூர் துறைமுகத்தில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி, பெட்டியில் சேலைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். தெரிந்த பிறகு பத்து நாள் பெட்டியைத் திறக்கவே இல்லை. பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ரசம் வைத்து, சோறு வடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஜன்னலை எல்லாம் சாத்தினோம். நாலே நாலு கருவாடு வறுத்தாள்.

கருவாட்டு வாசனையை ஜன்னலால் அடக்கிவிடலாம் என்று கடலூர்க்காரனே நினைத்தால் அவனை என்ன சொல்வது.

முன்கட்டில் வீட்டுக்காரரின் அம்மா முதலில் பல்லி செத்துக் கிடக்கிறது என்றாராம். பிறகு எலி என்றாராம். இரும்புப் பெட்டிகளை எல்லாம் நகர்த்திப் பார்த்திருக்கிறார்கள். எதுவும் கிடைக்கவில்லை. வேறு ஏதோ கெட்டது வீட்டுக்குள் வந்துவிட்டது என்று முடிவு செய்து, ஒரு சட்டியில் கங்கு போட்டு வேப்பிலையும் குங்கிலியமும் தூவி வீடு முழுக்கப் புகை காட்டிக்கொண்டு வந்தார் வீட்டுக்காரரின் மனைவி. எங்கள் வாசலில் கொஞ்சம் ஜாஸ்தியாகவே காட்டினார். கதவுக்கு அடியில் புகை உள்ளே வந்தது. என் மனைவிக்கு இழுக்க ஆரம்பித்தது.

பம்ப் அடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அடித்தாள். கதவைத் திறந்தால் கருவாடு தெரிந்துவிடும் என்று கையை ஆட்டி என்னைத் தடுக்கிறாள். உதடு நீலமாகிவிட்டது. நான் கதவை உதைத்துத் திறந்தேன். வீட்டுக்கார அம்மா சட்டியோடு நின்றிருந்தார். என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சட்டியை முற்றத்து மண்ணில் கவிழ்த்துவிட்டுப் புருஷனைக் கூப்பிட்டுக் கத்தினார். ஜீப் வந்தது. அந்த அம்மாவே என் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் சேலையில் புகை வாசனை என்று என் மனைவி தலையைத் திருப்பியபோது, மேலே போட்டிருந்த முக்காட்டுத் துணியைக் கழற்றி ஜீப்புக்கு வெளியே வீசினார். முக்காடு இல்லாமல் வாசல் தாண்டாத பெண்பிள்ளை.

நாற்பது நிமிஷத்தில் நகரத்துப் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி. கூட்டம் இருந்தது. எங்கேதான் இல்லை? ஆனால் உதட்டைப் பார்த்ததும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நெபுலைசர் வைத்தார்கள். ஊசி போட்டார்கள். எனக்கு அப்போது தெரிந்த ஹிந்தி எல்லாம் எண்களும் வசவுகளும்தான். அங்கே இருந்த ஒரு மலையாள நர்ஸ் எனக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று பேசினாள். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடை தேடிப் போன என்னை இழுத்துவந்து ஆஸ்பத்திரி ஜன்னலிலேயே நிற்க வைத்தாள். மருந்து அங்கேயே கொடுத்தார்கள்.

சாயங்காலம் டாக்டர் கேட்டார், பம்ப் எங்கே என்று. அவள் ஜெபமாலைப் பையைத் திறந்தாள். ஜெபமாலை, புனிதர் படம், தேய்ந்த பதக்கம் ஒன்று, எல்லாவற்றுக்கும் அடியில் பம்ப். டாக்டர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். நர்ஸ் சிரித்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னாள்: "இது என்ன திருட்டுப் பொருளா, இப்படி ஒளிச்சு வெச்சிருக்கேன்னு கேக்கறார்."

அடிக்கச் சொன்னார். அடித்தாள். பாதி மருந்து வாய்க்கு வெளியே போனது. பதினெட்டு வருஷமாக அப்படித்தான் அடித்திருக்கிறாள். குலுக்கு, மூச்சை முழுக்க வெளியே விடு, வாயை மூடி உறிஞ்சு, பத்து எண்ணு. இவ்வளவுதான் வித்தை. ஒரு பிளாஸ்டிக் குழாய் கொடுத்து அதில் மாட்டி அடிக்கச் சொன்னார். இன்னொரு பம்ப் தினமும் காலையும் மாலையும் அடிக்க வேண்டும் என்றார், இளைப்பு வந்தாலும் வராவிட்டாலும். பழகிடுமே என்று அவள் இழுத்தாள். தினமும் சோறு சாப்பிடுகிறாயே, பழகிவிட்டதா என்று கேட்டார்.

வீடு திரும்பியதும் என் மனைவி அழுதுகொண்டே கருவாட்டு விஷயத்தை ஒப்புக்கொண்டாள். கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. வீட்டுக்கார அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முற்றத்தில் உட்கார்ந்து சிரித்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அந்த அம்மாவின் மாமியார் கங்கை ஜலம் தெளித்தார். வீட்டைக் காலி செய் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மிச்சக் கருவாடு சுரங்கத்து கேன்டீனில் இருந்த ஒரிசாக்காரனுக்குப் போனது.

மறுநாள் காலையில் முற்றத்தில் இருந்து சத்தம் வந்தது: "பஹன்! பம்ப் அடிச்சாச்சா?" வீட்டுக்கார அம்மா. பஹன் என்றால் சகோதரி. அவர் பாஷையில், தெருவுக்கே கேட்கிற மாதிரி. என் மனைவி கூசிப்போனாள். மறுநாளும் சத்தம். அதற்கடுத்த நாள் பால்காரரும் கேட்டார். ஒரு மாசத்தில் அவள் வாசலில் நின்று, குழாயை வாயில் வைத்து, பத்து எண்ணி, "அடிச்சாச்சு!" என்று பதில் கத்தினாள். அந்த ஊரில் அதற்குப் பிறகு பம்ப் ஜெபமாலைப் பைக்குள் போகவில்லை. சமையலறை ஜன்னலில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நின்றது. அந்த உப்பு எட்டு வருஷத்தில் ஒரு நாளும் தண்ணீராகவில்லை.

பாலைவனம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. மே மாசத்தில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். மணல் புயல் வந்தால் பட்டப்பகலில் வானம் செங்கல் நிறமாகிவிடும். கதவு இடுக்கில் ஈரத்துணி செருகி உள்ளே கிடப்போம், அவள் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்வாள். மீன் கிடையாது. நல்ல வாழைக்காய்க்கு ஏங்க வேண்டும். மார்கழியில் இட்லி மாவு பொங்காது. மாவுப் பாத்திரத்துக்கு ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையைப் போர்த்தி, எங்கள் இருவருக்கும் நடுவில் படுக்க வைப்பாள். பாலைவனத்துக்கு வந்தால் எல்லோருக்கும் இளைப்பு போய்விடும் என்றும் சொல்ல மாட்டேன். அந்த டாக்டரே அப்படிச் சொல்லவில்லை. பாதி காய்ந்த காற்று, பாதி தினசரிப் பம்ப் என்றார். எந்தப் பாதி பெரிது என்பதை அவரே சொல்லவில்லை.

ஆனால் அந்த ஊரில் நாங்கள் வாழ்ந்தோம். வீட்டுக்காரர் ஜீப்பில் ஊர் ஊராகப் போனோம். செங்கல்லும் சிவப்புக் கல்லுமாக நிற்கிற கோட்டையைப் பார்த்தோம். எலிகளைக் கும்பிடுகிற கோவிலுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே காலைத் தூக்கி வைக்கக் கூடாது, இழுத்து இழுத்து நடக்க வேண்டும், எலி மிதிபட்டால் பாவம். என் மனைவியின் பாதத்தின்மேல் ஒன்று ஏறி ஓடியது. சுற்றி நின்றவர்கள் உனக்கு அதிர்ஷ்டம் என்று வாழ்த்தினார்கள். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். குளிர்காலத்தில் ஒரு கிராமத்துக்குப் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி நாரைகள் வரும். ஊர்க்காரர்கள் சாக்கு சாக்காகத் தானியம் கொட்டி வைப்பார்கள். விடிந்ததும் வானமே சத்தம் போடும். பிச்சாவரம் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்து ஒரு நாளும் படகில் ஏறாத என் மச்சானுக்கு இதெல்லாம் பொட்டல்.

ஒரு கார்த்திகை மாசம் மணல் மேட்டுக்குப் போனோம். மூன்று மாடி உயரம் இருக்கும். நான் அடிவாரத்தில் நின்று பீடி பற்றவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் இவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாதி மேடு ஏறிவிட்டாள். கடலூர் மணலில் நூறு தப்படி நடக்க முடியாதவள். உச்சியில் நின்று கத்தினாள்: "ஏங்க, நீங்க ஏன் இன்னும் கீழயே நிக்கறீங்க? நெஞ்சடைக்குதா?" அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. ஏறிப்போன எனக்குத்தான் வாங்கியது. பீடியை அன்றோடு விட்டேன்.

அதனால்தான் அடுத்த வருஷம் வேலை முடிந்தாலும் அங்கேயே இருப்பது என்று முடிவு செய்தோம். முடிவு செய்தது அவள். நான் சரி என்றேன்.

போன மாசம் மச்சான் மகளுக்கு சிதம்பரத்தில் கல்யாணம். மனைவி மூன்று வாரம் முன்னாலேயே போய்விட்டாள். நான் கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது போனேன். அன்று அன்பியம் மச்சான் வீட்டில். என் மனைவி பத்திரிகை வைக்கப் போயிருந்தாள். அப்போதுதான் அந்த மன்றாட்டை என் காதால் கேட்டேன். "பாலைவனத்தில் ஆஸ்பத்திரி வசதிகூட இல்லாமல்..." என்று அவன் முடித்ததும் எல்லோரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். நானும் சொன்னேன். வாய்ப் பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

டீ குடிக்கும்போது ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க குடிக்கத் தண்ணி கூட கெடைக்காதாமே தம்பி? நாலு வருஷமா உங்களுக்காக ஜெபிக்கறோம்."

"கெடைக்குதும்மா. குளிக்கவே கெடைக்குது."

"வெளிய சொல்ல மாட்டீங்க, தெரியும்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் உண்மையாகவே ஜெபித்தார். உள்ளே போய் மச்சானைக் கேட்டேன். "கல்யாணம் முடியட்டும் மாமா, பேசிக்கலாம். அக்கா இனிமே இங்கதான் இருக்கப் போவுது, அவுங்க கிட்டல்லாம் சொல்லிட்டேன்" என்றான். யாரைக் கேட்டு என்றேன். சம்பந்தி வருகிறார் என்று நழுவிவிட்டான். கல்யாண வீடு என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

திங்கட்கிழமை காலையில் கோவிலில் கல்யாணம், பிறகு மண்டபம். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வரும்போது இரண்டு பக்கமும் மெஷின் வைத்துப் புகை விட்டார்கள். அது இப்போது எல்லாக் கல்யாணத்திலும் உண்டு. என் மனைவி மேடைக்கு அருகில் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். தட்டு கீழே விழுந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது. ஓடினேன். அவள் ஜெபமாலைப் பையைத் திறந்துகொண்டிருந்தாள். கல்யாணத்துக்குக் கைப்பை வேண்டாம் என்று அன்று காலை அதற்குள்தான் பம்ப்பை வைத்திருக்கிறாள். கவிழ்த்தாள். ஜெபமாலை விழுந்தது. பதக்கம் விழுந்தது. பம்ப் இல்லை.

மச்சான் முகத்தைப் பார்த்தேன். தெரிந்துவிட்டது.

"பம்ப்பு எங்கடா?"

"வீட்ல, பீரோவுல. சம்பந்தி வீட்டு ஆளுங்க முன்னாடி, வீடியோ எடுக்கும்போது, எடுத்து கிடுத்து அடிச்சிட்டா... பொண்ணுக்கும் இருக்குமோன்னு நெனப்பாங்க மாமா."

அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்க நேரம் இல்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிதம்பரத்து ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரி. என் மனைவியைப் பிழைக்க வைத்தார்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். பம்ப் ஏன் கையில் இல்லை என்று அவர்களும் கேட்டார்கள். நான் மச்சானைக் காட்டினேன். அவன் மாடிப்படியைப் பார்த்தான்.

மறுநாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்று அவன் சொன்னதைக் கேளுங்கள்: "எட்டு வருஷத்து பாலைவன மண்ணு மாமா, நெஞ்சுல அடச்சிருக்கு." அவள் ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கினாள். "அடச்சது மண்ணு இல்லடா, நீ" என்றாள். மாஸ்க்கை மறுபடி வைத்துக்கொண்டாள்.

அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த ஞாயிறு பூசையில், கோவில் மைக்கில், விசுவாசிகள் மன்றாட்டு வாசிக்க அவன் எழுந்தான். "பாலைவனத்தில் உடல்நலம் கெட்டுத் திரும்பியுள்ள எங்கள் சகோதரிக்காக." கோவில் முழுக்க ஆமோதித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள்கூட ஆகாத என் மனைவி, கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் ஜெபமாலைப் பையைத் திறக்கவில்லை. தாலிச் சரடு மாதிரி ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்த பம்ப்பை எடுத்தாள். குலுக்கினாள். அத்தனை பேர் பார்க்க அடித்தாள். பத்து எண்ணினாள்.

வருகிற வியாழக்கிழமை எங்களுக்கு ரயில். டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கார அம்மா தினமும் போனில் கூப்பிட்டு, அடிச்சாச்சா என்று கேட்கிறார். நாங்கள் போகிறோம், அதில் பேச்சே இல்லை. ஆனால் நாங்கள் போன பிறகு அவன் மறுபடி எழுந்து நிற்பான், மறுபடி கண்ணை மூடுவான். அந்த அன்பியத்தில் இளைப்பு உள்ள பெண்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவரும் என் மனைவியின் காதில் வந்து சொன்னார்கள், காதில் மட்டும். அவர்கள் பம்ப் எந்தப் பையில், எந்தப் பீரோவில் இருக்கிறதோ.

அதனால் மச்சான், செவ்வாய்க்கிழமை அன்பியத்துக்கு நானும் வருகிறேன், உங்கக்காவும் வருகிறாள். மன்றாட்டு நேரத்தில் எழுந்து நில். கண்ணைத் திறந்துகொண்டு பேசு. பிகானேரில் ஆஸ்பத்திரி இல்லை என்று உனக்கு யார் சொன்னது? ஒரு நாள் வந்து பார்த்தாயா? கல்யாணத்தன்று காலையில் அந்தப் பையிலிருந்து பம்ப்பை எடுத்தது யார் கை? எனக்குத் தனியாகச் சொல்லாதே, போனில் சொல்லாதே, உங்கக்கா காலில் விழாதே. நான்கு வருஷம் யார் முன்னால் சொன்னாயோ அவர்கள் முன்னால் பதில் சொல்.